சொல்லி அழைக்கும் முறை: மலாக்காத் தோட்டங்களில் பட்டமளிப்புச் செய்தியும் விருந்தழைப்பும்

'விருந்துக்குச் சொல்லிட்டாங்களா?' என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டால், அவர் செய்தி தெரியுமா என்று கேட்கவில்லை. முறைப்படி அழைத்தார்களா என்று கேட்கிறார். நம் பேச்சுவழக்கில் 'சொல்வது' என்ற ஒரே வினை அறிவிப்பையும் குறிக்கும், அழைப்பையும் குறிக்கும். பட்டமளிப்புக் காலத்தில் உறவுகளுக்குள் எழும் மனத்தாங்கல்கள் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. இதன் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம்.

1. தோட்டமும் தாம்பாளமும்

1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு ஒப்பந்தத்தின்வழி மலாக்கா ஆங்கிலேயரிடம் வந்தது. 1826இல் பினாங்கு, சிங்கப்பூரோடு நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றானது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவரால் தொடங்கப்பட்டது. பிறகு புக்கிட் ஆசகானிலும் அவர் பெரிய அளவில் பயிரிட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மலாக்காவின் தோட்டங்களில் குடியேறின.

லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு வீட்டில் நல்ல காரியம் என்றால் பக்கத்து வீட்டுக்குத் தானாகவே தெரிந்துவிடும். ஆனாலும் தெரிந்தது போதாது, சொல்ல வேண்டும். கணவன் மனைவி இருவரும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்து எடுத்துச் செல்வார்கள். முதலில் தோட்டத்து மாரியம்மன் கோயில், அடுத்து தாய்மாமன் வீடு, பிறகு லயம் லயமாக எல்லா வீடுகளும். வீட்டுக்காரர் வேலைக்காட்டில் இருந்தால் மாலையில் மறுபடியும் போவார்கள். எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில் அச்சடித்த அட்டையைவிட வாசலில் நின்று சொன்ன சொல்லுக்கே மதிப்பு. மலாய்க்காரர்களின் சடங்குகளிலும் வெற்றிலைத் தட்டுக்கு இடம் உண்டு. ஆகவே கம்பத்து அண்டை வீட்டாருக்கும் இந்த மரியாதை புரிந்தது.

2. பட்டம் வந்த பாதை

தோட்டத்தில் திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் அழைத்தார்கள். பட்டத்துக்கு அழைக்க நீண்ட காலம் வாய்ப்பே இல்லை. மலாக்காவின் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆனால் தோட்டப் பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றுவிடும்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. 1956இல் அங்கு இந்திய ஆய்வியல் துறை உருவானது. 1959இல் கோலாலம்பூர்ப் பிரிவு தன்னாட்சிப் பிரிவானது. 1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கைக்கும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கும் பின், தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றனர். அந்த நீண்ட பாதையைக் கடந்து ஒரு பிள்ளை பட்டம் வாங்கினால், அது ஒரு வீட்டுச் செய்தி அல்ல, தோட்டத்துச் செய்தி. கூட்டுப் பணத்தை முன்கூட்டியே விட்டுக்கொடுத்தவர், தேர்வு நாளில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனவர், பழைய புத்தகம் தந்தவர் எனப் பலருக்கு அதில் பங்கு உண்டு. அவர்களுக்குச் சொல்லாமல் விடுவது அந்தப் பங்கை மறுப்பதாகிவிடும்.

3. அறிவிப்பு வேறு, அழைப்பு வேறு

அமெரிக்காவில் பட்டம் பெறுவோர் குடும்பங்கள் இரண்டையும் தனித்தனி அட்டைகளாக அனுப்புவது வழக்கம். அறிவிப்பு அட்டை மகிழ்ச்சிச் செய்தி மட்டுமே. அதைப் பெற்றவர் பரிசு தரக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது அங்குள்ள மரபு. மண்டபத்தில் இடம் குறைவு என்பதே இந்தப் பிரிவுக்கு முக்கியக் காரணம்.

நம் நாட்டிலும் பட்டமளிப்பு மண்டபத்துக்குள் பெரும்பாலும் பெற்றோர் இருவருக்கே இடம் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு வீட்டிலோ மண்டபத்திலோ தனி விருந்து வைக்கிறோம். ஆனால் நம் காதில் அறிவிப்பும் அழைப்பாகவே விழுகிறது. அழைப்பு வந்தால் வெறுங்கையோடு போகக்கூடாது என்ற எண்ணமும் கூடவே வருகிறது. மாதக் கடைசியில் அங்பாவுக்குப் பணம் இல்லாமல் வராமலேயே இருந்துவிடும் உறவினரும் உண்டு.

4. சிதறிய லயங்கள்

பிற்காலத்தில் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் அலோர் காஜா, ஜாசின், மலாக்கா நகர் எனப் பிரிந்தன. 1997இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி, 2000இல் இன்றைய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா என உயர்கல்வி வாசலருகே வந்தது. பட்டதாரிகள் பெருகினர், ஆனால் சொல்லி வர லயம் இல்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பட்டமளிப்பு விழாக்கள் தள்ளிப்போயின. வாட்ஸ்அப் படமே செய்தியும் அழைப்பும் ஆனது. 'குரூப்ல போட்டாங்க, எனக்குச் சொல்லல' என்ற வருத்தம் இன்றும் கேட்கிறது.

5. கடைப்பிடிக்க வேண்டியவை

• செய்தியா அழைப்பா என்பதை முதல் வரியிலேயே தெளிவாக்குங்கள்.
• புலனக் குழுவில் இடும் முன் தாய்மாமன், பெரியப்பா, அத்தை, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள். 'மாமா, மண்டபத்துல ரெண்டு பேருக்குத்தான் இடம். சனிக்கிழமை வீட்ல சாப்பாடு, அத்தையோட நீங்க கண்டிப்பா வரணும்' என்றால் போதும்.
• பட்டத்தின் பெயரைச் சரியாக எழுதுங்கள். பல்கலைக்கழகம் உறுதிசெய்யும் முன் அச்சடிக்காதீர்கள்.
• துக்கம் நடந்த வீட்டுக்குத் தாம்பாளம் கொண்டு செல்லாமல், செய்தியை மட்டும் பணிவாகச் சொல்லுங்கள். வரும்படி வற்புறுத்த வேண்டாம்.
• பரிசு எதிர்பார்க்கவில்லை என்றால், அதைப் பேச்சில் இயல்பாகச் சொல்லிவிடுங்கள்.
• உதவியவர்களுக்கு விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் எழுதுங்கள். வகுப்பில் கற்ற கடித வடிவம் இதற்குத்தான்.

சிந்திக்க

1. அறிவிப்பு, அழைப்பு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தக்க சான்றுகளுடன் விளக்குக.
2. தோட்டங்கள் மறைந்தது அழைப்பு முறையை எவ்வாறு மாற்றியது?
3. உன் கல்விக்கு உதவிய ஒருவரைப் பட்டமளிப்பு விருந்துக்கு அழைத்துக் கடிதம் எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு மாணவர்கள் கற்பனைப் பெயரைத் தேட வேண்டாம். உண்மையாகவே உதவிய ஒருவரை நினைத்து எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை அவரிடமே கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.