புன்னகைக்குப் பின்னால் ஒரு வரலாறு

கோப்பை வென்றோரையே ரசிகர்கள் நினைவில் வைப்பர் என்பது பொதுக்கருத்து. அமெரிக்க பேஸ்பாலில் சிகாகோ கப்ஸ் அணியின் எர்னி பேங்க்ஸ் அதற்கு விலக்கு. இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே காக்கும் ஷார்ட்ஸ்டாப்பாக 1958, 1959 ஆகிய ஈராண்டும் நேஷனல் லீகின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 19 பருவங்களில் 512 ஹோம் ரன்கள் அடித்தும், உலகத் தொடரில் ஒருமுறையும் ஆடும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் ரசிகர்களுக்கு அவரே 'மிஸ்டர் கப்'. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடலாம் என்ற அவரது உற்சாகத்தை இன்றும் போற்றுகின்றனர்.

அப்புன்னகையோடு மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். 1947இல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையைத் தகர்த்தார்; கப்ஸ் அணியில் முதல் கறுப்பின வீரராகப் பேங்க்ஸ் களமிறங்கியதோ 1953இல். இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகளை மறந்த அன்பு, வரலாறு ஆகாது.