பெரியபட்டினத்துக் கடற்கோடு

பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பாண்டியர் காலத்துத் துறைமுகம். ஓடுகளுக்காகப் போன நான் எதிரே கிடந்த மன்னார் வளைகுடாவையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கச்சத்தீவு என்றால் எல்லோருக்கும் 1974 நினைவு வருகிறது. அந்த ஒப்பந்தம் பாக் நீரிணையோடு நின்றது. இந்தக் கடலில் கோடு விழுந்தது 1976 மார்ச் 23-ல். ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்பதும் அன்று பரிமாறிக்கொண்ட கடிதங்களில்தான். தேதியைக் கவனிக்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலம். தமிழகச் சட்டசபை ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டிருந்தது. 1974-ல் அந்தச் சபை வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானமாவது போட்டது. இப்போது வருத்தப்படக்கூடச் சபை இல்லை.

பெருபாரி விவகாரத்தில், நாட்டின் நிலத்தை அயலாருக்குக் கொடுக்க அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960-ல் சொன்னது. ஒன்பதாவது திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்கு மத்திய அரசின் பதில் வேறு: சர்ச்சையில் இருந்த இடத்தில் எல்லை வகுத்தோம், எதையும் கொடுக்கவில்லை. சட்டத்தில் இது நிற்கலாம். என் சங்கடம் சட்டத்தைப் பற்றியதல்ல. வலை வீசுகிறவனின் பிழைப்பை அவன் பிரதிநிதி இல்லாத நேரத்தில் முடிவு செய்ததைப் பற்றியது.

ஏப்ரல் 28-ல், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு செல்லாது என்றது அதே நீதிமன்றம். நீதிபதி கன்னா ஒருவர் மாறுபட்டார். மே மாதம் சாசனத்தின் நாற்பதாவது திருத்தம் வந்தது. தனிப் பொருளாதார மண்டலத்துச் செல்வம் மத்திய அரசைச் சேரும் என்று 297-ஆம் பிரிவில் எழுதினார்கள்.