லெட் (ஆங்கில வினைச்சொல்)

லெட் என்பது ஆங்கிலத்தில் பரவலாகப் பயன்படும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். விடுதல், அனுமதித்தல் என்பன இதன் முதன்மைப் பொருள்கள். இவற்றுக்கு நேர்மாறான தடுத்தல் என்ற பொருளும் முன்னர் வழங்கியது.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இவை இரு வேறு சொற்கள். லேட்டன் என்பது விடுதலையும் லெட்டன் என்பது தடுத்தலையும் குறித்தன. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. சேக்சுபியரின் ஆம்லெட் நாடகத்தில் தடுத்தல் என்ற பொருளில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. பின்னர் அவ்வினை வழக்கொழிந்தது.

பயன்பாடு

* அனுமதித்தல்: "லெட் ஹிம் கோ" (அவனைப் போகவிடு). அடுத்து வரும் வினையின் முன் "டு" சேர்ப்பதில்லை. "அலவ்" என்ற வினைக்கு அது தேவை.
* முன்மொழிதல்: "லெட்ஸ் கோ" (போவோம்).
* வாடகைக்கு விடுதல்: வீட்டு வாயில்களில் காணப்படும் "டு லெட்" பலகை.

இறந்தகாலத்திலும் வடிவம் மாறாது. "லெட்டட்" என்பது பிழை.

தடை என்னும் பொருள்

பெயர்ச்சொல்லாக இப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. இந்தியக் கடவுச்சீட்டில், அதனை உடையவரை "லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" இன்றிச் செல்லவிடுமாறு குடியரசுத் தலைவர் பெயரால் கோரப்படுகிறது. அதாவது, தடையோ இடையூறோ இன்றி என்பது பொருள். இங்கு அனுமதி எனக் கொண்டால், அனுமதியின்றிச் செல்லவிடுமாறு கோருவதாகப் பொருள் தலைகீழாகிவிடும். டென்னிசில், பந்து வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் "லெட்" என அறிவித்து மீண்டும் அடிக்கச் செய்வதும் இப்பொருளிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.