மத்திய மலைநாட்டின் பிரிவுகளும் பெருந்தோட்டப் பொருளாதாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டைப் புவியியலாளர் பொதுவாக மூன்று கூறுகளாகப் பிரிப்பர். நடுவே மத்திய மலைத்திணிவு. வடகிழக்கே, மகாவலிப் பள்ளத்தாக்கினாற் பிரிக்கப்பட்ட தும்பறை மலைகள், அதாவது நக்கிள்ஸ் தொடர். தென்மேற்கே றக்குவானைக் குன்றுகள். பீதுருதாலகாலை (2524 மீற்றர்), கிரிகல்பொத்தை, தொட்டுப்பொலை ஆகிய சிகரங்கள் மத்திய திணிவில் உள்ளன. மேற்கே சிவனொளிபாதமலையும் (2243 மீற்றர்) கிழக்கே நமுனுகுலையும் எல்லைகளாக நிற்க, இவற்றிடையே தெற்கு நோக்கிச் செங்குத்தாக வீழும் மலைச்சுவர் நீள்கின்றது. ஹோட்டன் சமவெளியின் விளிம்பில் அச்சுவரின் வீழ்ச்சி 800 மீற்றருக்கும் அதிகமாகும். இம்மலைகள் எவ்வாறு தோன்றின என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்தினரல்லர். அடம்ஸ் என்பார் 1929 இல் மூன்று அரிப்புத் தளங்களைக் கண்டு விளக்கினார். பின்னர் வாடியா, பிளவுகள் வழியே நிலத்திணிவு மேலுயர்ந்தமையே காரணம் என வாதிட்டார்.

இயற்கை வகுத்த இப்பிரிவுகளைப் பாடநூல்கள் மாணவர்க்குச் செவ்வனே கற்பிக்கின்றன. ஆனால், மலைநாட்டு மக்களின் வாழ்வை நிர்ணயித்தவை வேறு பிரிவுகளாகும். அவை பாடநூல்களில் வருவதில்லை.

முதலாவது அரசியற் பிரிவினை. 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817-18 ஊவாக் கிளர்ச்சி கொடூரமாக நசுக்கப்பட்டது. 1833 இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில் தீவு ஐந்து மாகாணங்களாக்கப்பட்டபோது, சப்பிரகமுவ தென் மாகாணத்தோடும் நுவரகலாவிய வட மாகாணத்தோடும் இணைக்கப்பட்டன. நிர்வாகச் சிக்கனம் என்பது வெளிப்படையான காரணம். கண்டி இராச்சியம் என்ற நினைவையே வரைபடத்திலிருந்து அகற்றுதல் அதன் உட்கிடை. ஊவா 1886 இலும், சப்பிரகமுவ 1889 இலுந்தான் தனி மாகாணங்களாயின. கிளர்ச்சிக்கான அச்சம் தணிந்து, நிலம் முதலீட்டுக்குரியதாகி விட்ட காலம் அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது பிரிவினை இதனினும் ஆழமானது. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடியின் உடைமையாகக் கொண்டது. கிராமத்தான் தலைமுறைகளாக விறகும் மேய்ச்சலும் பெற்ற சரிவுகள் அற்ப விலைக்குத் தோட்டக்காரர் கைக்கு மாறின. வாங்கியோரிற் குடியேற்ற அதிகாரிகளும் இருந்தனர் என்பது சிறப்பாகக் குறிப்பிடற்பாலது. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அதன்பின் மலைக்குப் புதியதோர் இலக்கணம் பிறந்தது. 2000 அடிக்குக் கீழ் தாழ்நிலத் தேயிலை, 4000 அடிவரை இடைநிலத் தேயிலை, அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை படும் திம்புளை ஒரு சந்தைப் பெயராயிற்று. அதே பருவத்தில் வறண்ட காற்று வீசும் ஊவா வேறொரு சந்தைப் பெயராயிற்று. பாறையின் வயதோ ஆற்றின் போக்கோ அன்று, ஏலத்தில் விழும் விலையே மலையைப் பகுக்கும் அளவுகோலாயிற்று. அவ்வேலம் கொழும்பில் 1883 இல் தொடங்கியது. புகையிரதப் பாதை கண்டியை 1867 இலும் நானுஓயாவை 1885 இலும் அடைந்தது. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் நிறைவுற்றதும் அதே 1885 இல்தான். மலையுச்சியும் கொட்டாஞ்சேனையை ஒட்டிய கப்பற்றுறையும் ஒரே மூலதனத்தின் இரு முனைகளாயின.

இம்மலையில் உழைத்தவர்கள் மன்னாரிற் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழகத்துக் கிராமத்தவர். வழியில் இறந்தோர் பலர். இவர்களை 1911 குடிசனமதிப்பு 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகைப்படுத்தியது. 1948 குடியுரிமைச் சட்டம் அவ்வகைப்பாட்டிலிருந்து நாடற்ற நிலையை உருவாக்கியது. 1964 ஒப்பந்தம் அவர்களை இரு அரசுகளிடையே தொகைகளாகப் பங்கிட்டது. இதற்கு எதிர்வினையாகவே 'மலையகம்' என்னும் சொல் நிலப்பெயர் என்ற நிலையைக் கடந்து ஒரு மக்கட்கூட்டத்தின் பெயராக வளர்ந்தது. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோரின் எழுத்து இதற்கு உறுதுணையாயிற்று.

இவ்விடத்து ஓர் இலக்கியக் குறிப்பு அவசியமாகின்றது. மலையக இலக்கியத்தைக் 'குறிஞ்சி' எனக் கொண்டாடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மலை இருப்பதால் மாத்திரம் குறிஞ்சி ஆகிவிடாது. குறிஞ்சியின் திணையொழுக்கம் வேட்டையும் தினைப்புனமும் சார்ந்த சமூகத்துக்குரியது. தேயிலை மலையோ உலகச் சந்தைக்காகக் கூலியுழைப்பு ஒழுங்கமைக்கப்பட்ட களம். பிரட்டுக்களமும் லயனும் கங்காணியும் எந்தத் திணையின் கருப்பொருள்? இவ்வினாவை எழுப்பாது குறிஞ்சி என்று பாராட்டுவது, உற்பத்தி உறவுகளை மூடிமறைக்கும் அலங்காரமேயாகும்.

அதேபோல், நிலமிழந்த கண்டிச் சிங்கள விவசாயியின் குறையும் மெய்யானது. அது தொழிலாளிக்கு எதிராகத் திருப்பப்பட்டதே அரசியற் சூழ்ச்சி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. லயன் அறை ஏற்பாடு மட்டும் தொடர்ந்தது.

மேற்குச் சரிவில் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனியாகின்றன. 1950 முதல் இலக்சபான மின்சாரம் கொழும்புக்கு வருகின்றது. வெள்ளவத்தை வீட்டு விளக்குகள் அந்நீரால் எரிந்த பல ஆண்டுகளின் பின்னும், அம்மலையின் லயன்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தெற்கு மலைச்சுவரின் அடிவாரத்திலுள்ள கொஸ்லந்தை, மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை மண் சரிந்து லயன்களை மூடியது. அச்சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. வேறிடஞ் சென்று குடியேறுவதற்கு அங்கு வாழ்ந்தோரிடம் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை.