வீட்டுப் பட்டறைச் சாலைப் பலகைகள்: எழுத்துருத் தேர்வும் உரிமமும்

தோட்டத்து வாசல், தனியார் பாதை, நாடகமேடை, மாதிரி ரயில் ஊர் ஆகியவற்றுக்குச் சொந்தமாகச் சாலைப் பலகை செய்பவர்கள் பெரும்பாலும் அரசுப் பலகையில் உள்ள எழுத்தையே நாடுகிறார்கள். அமெரிக்காவில் அதற்குப் பேச்சுவழக்கில் ‘ஹைவே கோதிக்’ என்று பெயர். 1940களில் உருவான இதில், ஒடுங்கிய ‘பி’ முதல் அகன்ற ‘எஃப்’ வரை பல வரிசைகள் உண்டு. நெடுஞ்சாலைகளின் பச்சைப் பலகைகளில் நெடுங்காலமாக இருப்பது ‘ஈ மாடிஃபைட்’. பளபளக்கும் கண்ணாடிப் பொத்தான்களை எழுத்தின் மீது பதிக்க இடம் வேண்டி, அதன் கோடுகளைத் தடிப்பாக்கினார்கள்.

இந்த வடிவங்களை எவரும் வரையலாம். அமெரிக்கச் சட்டம் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை தருவதில்லை. 1978இல் எல்ட்ரா நிறுவனம் தொடுத்த வழக்கின் தீர்ப்பு அதை உறுதிசெய்தது. ஆனால் கணினியில் நிறுவும் எழுத்துருக் கோப்பு ஒரு மென்பொருள். அடோபி நிறுவனத்தின் வழக்கில் 1998இல் ஒரு கலிபோர்னிய நீதிமன்றம், வளைவுகளை அமைக்கும் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதிலேயே படைப்புத்திறன் இருப்பதாகக் கூறி அதற்குப் பாதுகாப்பு அளித்தது. அரசுக் கையேட்டின் வரைபடத்தைப் பார்த்து நீங்களே வரைந்தால் சிக்கல் இல்லை. வேறொருவர் விற்கும் கோப்பை நகலெடுத்துப் பெயரை மாற்றுவது உரிமை மீறல். இந்த வேறுபாட்டை அறியாமல் ‘அரசு எழுத்துதானே, எல்லாம் இலவசம்’ என்று இறங்குகிறவர்கள் பலர்.

பலகை வடிவங்களுக்கும் இதே கவனம் தேவை. கூட்டரசின் சாலைக் குறியீட்டுக் கையேட்டில் உள்ளவை பொதுச்சொத்து. மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் எண்ணைத் தாங்கும் ‘இன்டர்ஸ்டேட்’ கேடயச் சின்னம் மட்டும் பெரிய விதிவிலக்கு. அது வணிகக் குறியாகப் பதிவாகியிருக்கிறது.

காசு செலவழிக்காமல் தொடங்க நல்ல வழி ‘ஓவர்பாஸ்’. ஹைவே கோதிக்கைத் தழுவி ரெட் ஹேட் நிறுவனத்துக்காக உருவான இது, எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கிறது. அந்த உரிமத்தின்கீழ் பலகை செய்து விற்கலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. ‘சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று வருபவை வேறு வகை. அவற்றைக் கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்குப் பலகை செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்து காசு வாங்க முடியாது. டோபியாஸ் ஃப்ரேர்-ஜோன்ஸ் வரைந்த ‘இன்டர்ஸ்டேட்’ போன்றவற்றுக்கு விலை உண்டு. உரிமத்தை வாங்குமுன் வினைல் வெட்டும் பொறியில் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்று படித்துவிட வேண்டும்.

விலை கூடினால் தெளிவும் கூடும் என்று எண்ண வேண்டாம். இரவில் ஹெட்லைட் பட்டு எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்புவதைக் குறைக்க உருவான ‘கிளியர்வியூ’, கட்டண உரிமம் உடையது. 2004இல் கூட்டரசு அதற்குத் தற்காலிக ஒப்புதல் தந்தது, 2016இல் திரும்பப் பெற்றது, 2018இல் மீண்டும் அனுமதித்தது. அந்த ஒப்புதலும் அடர்நிறப் பின்னணியில் வெளிர் எழுத்துக்கே. வெள்ளைப் பலகையில் கறுப்பாக எழுதுவதற்கு அல்ல.

எழுத்துருவை விட, எழுத்தின் உயரமும் இடைவெளியுமே வாசிப்பைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. 30 அடிக்கு 1 அங்குல உயரம் என்பது அமெரிக்கக் கையேட்டுக் கணக்கு. 150 அடியில் படிக்க வேண்டுமென்றால் 5 அங்குலம் வேண்டும். சாலை எழுத்துகளுக்குத் தாராளமான இடைவெளி வகுக்கப்பட்டிருக்கிறது. கணினி தானாகத் தரும் நெருக்கத்தில் விட்டால், சரியான எழுத்துருவும் தூரத்தில் கலங்கலாகிவிடும்.

அளவுகளைச் சரியாகப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றாகக் கலைஞர் ரிச்சர்ட் ஆங்க்ரமின் பணியைச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸில் 110ஆம் நெடுஞ்சாலைப் பலகையில் 5ஆம் எண் சாலைக்கான குறிப்பு இல்லாததால் ஓட்டுநர்கள் தடுமாறினார்கள். அரசு அளவுகளைத் துல்லியமாகப் பின்பற்றிக் கேடயத்தையும் ‘நார்த்’ என்ற சொல்லையும் செய்து, 2001இல் அவர் தாமே ஏறிப் பொருத்தினார். பல மாதங்கள் எவரும் வேறுபாடு காணவில்லை. விஷயம் வெளியான பிறகும் மாநிலப் போக்குவரத்துத் துறை அதை விட்டுவைத்தது. 2009இல் பலகையை மாற்றியபோது அந்தக் குறிப்பைப் புதிதிலும் சேர்த்தது.

துறை அவரைத் தண்டிக்கவில்லை என்பதை அனுமதியாகக் கொள்ளக் கூடாது. அரசுப் பலகையைப் போன்றே தோன்றும் ஒன்றைப் பொதுச்சாலையின் பார்வையில் வைப்பதைப் பல மாநிலங்களின் சட்டம் தடுக்கிறது. எழுத்துருவின் உரிமம் எதுவாயினும் இந்தத் தடை பொருந்தும்.