பி.காம். பட்டம் பிறந்த ஊர்

நம் குடும்பங்களில் வரும் திருமண அழைப்பிதழைப் பிரித்தால், மணமகனின் பெயருக்குப் பின்னே பி.காம். என்னும் எழுத்துகளைக் காண்பது மிகச் சாதாரணம். இப்பொழுது மணமகளின் பெயருக்குப் பின்னும் காண்கிறோம். வாணிபத்தையே வாழ்வாகக் கொண்ட மக்களாதலின், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதென்று முடிவாகிவிட்டால், கடைக்கு உதவுகிற படிப்பாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் இதனையே தேர்ந்து கொடுக்கிறார்கள். ஆனால், இந்தப் பட்டம் எங்கே, யாரால், யாருக்காக ஏற்படுத்தப்பட்டது என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், நம் பிள்ளைகள் பெறுகின்ற பட்டமும் அதனை ஏற்படுத்தியவர்களின் மனத்திலிருந்த பட்டமும் ஒன்றுதானா என்னும் ஐயம் எழாமற் போகாது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பர்மிங்ஹாம் பட்டறைகளின் ஊர். திருகாணி, பொத்தான், துப்பாக்கி, பித்தளைச் சாமான் என்று அங்கே செய்யாத பொருள் இல்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் உலகமெங்கும் எழுதப்பட்ட கடிதங்களிலும் கணக்கேடுகளிலும் பெரும்பகுதி அந்நகரத்துப் பேனா முள்ளால் எழுதப்பட்டவையே. அப்பேனா முள்ளைச் செய்து பெருஞ்செல்வரானவர்களுள் ஒருவர் ஜோசையா மேசன் (1795-1881). கம்பள நெசவாளி ஒருவரின் மகன். சிறுவயதில் தெருத்தெருவாகத் தின்பண்டமும் காய்கனியும் விற்றவர். பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லாதவர். முதுமையில் தம் செல்வத்தைக் கொண்டு அவர் அநாதை இல்லம் ஒன்றை நிறுவினார். அறிவியற் கல்லூரி ஒன்றையும் நிறுவினார். கல்லூரி 1880இல் திறக்கப்பட்டது. தாம் வகுத்த சாசனத்தில், சமய போதனையும் வெறும் இலக்கியப் படிப்பும் அக்கல்லூரியில் கூடாதென்று அவர் விதித்திருந்தது அன்று பெரிய வியப்பாகப் பேசப்பட்டது. தொழிலுக்கு உதவாத கல்வி எதற்கு என்பது அந்த வணிகரின் எண்ணம்.

மேசன் கல்லூரி மாணவர்கள் பட்டம் பெற வேண்டுமாயின் லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வையே எழுத வேண்டியிருந்தது. தம் நகருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று பாடுபட்டவர் ஜோசப் சேம்பர்லேன். இவரும் வணிகரே. திருகாணித் தொழிலில் பொருளீட்டி, 1873 முதல் 1876 வரை அந்நகரின் மேயராக இருந்து, பின்னர்ப் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் குடியேற்ற நாடுகளின் அமைச்சரானவர். நகரத்து மக்களிடமும் தொழிலதிபர்களிடமும் நிதி திரட்டினார். அமெரிக்க உருக்குச் செல்வர் ஆண்ட்ரூ கார்னகி மட்டும் 50,000 பவுன் வழங்கினார். 1900இல் அரச சாசனம் கிடைத்தது. மேசன் கல்லூரி பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமாயிற்று. சேம்பர்லேன் அதன் முதல் வேந்தரானார். வணிகர்கள் ஏற்படுத்திய பல்கலைக்கழகத்தில் வணிகமும் ஒரு பாடமாக வேண்டாமா என்னும் கேள்வி அங்கே எழுந்தது இயல்பே. அதற்கு விடையாக அமைந்ததுதான் 1902 அக்டோபரில் தொடங்கிய வணிகப் புலம். அது வழங்கிய மூன்றாண்டுப் பட்டமே பி.காம்.

இப்புலத்தை உருவாக்க அழைக்கப்பட்டவர் வில்லியம் ஆஷ்லி. 1860இல் லண்டனில் தொப்பி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்று, கனடாவின் டொராண்டோவிலும் பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் பேராசிரியராக விளங்கியவர். ஹார்வர்டில் அவர் வகித்தது பொருளாதார வரலாற்றுக்கென்று ஆங்கில உலகில் ஏற்பட்ட முதல் பேராசிரியர் பதவி. அத்தகைய பதவியை விட்டுவிட்டுப் புகை சூழ்ந்த பட்டறை நகருக்கு ஒருவர் வருவாரா என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். 1901இல் அவர் வந்தார்.

வந்தவருக்கு இரு பக்கமும் எதிர்ப்பு. பழைய பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள், 'கடைத்தெருவின் காரியத்துக்குப் பல்கலைக்கழகத்தில் இடமா?' என்று கேட்டனர். தொழிலதிபர்களோ, 'பதினாறு வயதில் பட்டறைக்குள் நுழைய வேண்டிய பையனை இருபத்தோரு வயதுவரை புத்தகத்தோடு உட்கார வைத்தால் அவன் தொழிலுக்கு உதவாத கனவானாகிவிடுவான்' என்றனர். இந்த இரண்டாவது வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிக் கடையிலேயே தொழில் கற்பித்த நம் முன்னோர் சொன்னதும் ஏறத்தாழ இதுவேயன்றோ? கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கற்பதைக் கரும்பலகை கற்பிக்குமா என்பது நியாயமான கேள்விதான்.

ஆஷ்லியின் விடை இதுவாகும். முதலாளியின் கண் எட்டும் தூரத்துக்குள் தொழில் அடங்கியிருந்தவரை அந்தப் பழக்கமே போதுமானதாயிருந்தது. இப்பொழுது கூட்டுப்பங்கு நிறுவனங்கள் எழுந்துவிட்டன. ஜெர்மனியும் அமெரிக்காவும் சந்தையில் போட்டிக்கு நிற்கின்றன. தொலைதூர நாட்டின் விளைச்சலும் சுங்கவரியும் கப்பற் கூலியும் உள்ளூர்ப் பட்டறையின் ஆதாயத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றையெல்லாம் சீர்தூக்கி முடிவெடுக்கும் ஆற்றல், ஒரே கடையில் ஒரே வேலையைப் பல்லாண்டு செய்வதால் மட்டும் வந்துவிடாது. ஆகவே, வணிகம் என்னும் படைக்குச் சிப்பாய்களை அன்று, அதனை நடத்திச் செல்லும் அதிகாரிகளைப் பயிற்றுவதே தம் புலத்தின் வேலை என்று அவர் தெளிவாக வரையறுத்தார். கணக்கெழுதுபவரையும் கடிதம் எழுதுபவரையும் உருவாக்க வேறு பள்ளிகள் இருக்கின்றன என்பது அவர் கருத்து.

அவர் வகுத்த பாடத்திட்டத்தைப் பார்த்தால் இந்த நோக்கம் விளங்கும். பொருளியலும் வணிக அமைப்பும் நடுநாயகமாக இருந்தன. அவற்றோடு அயல்நாட்டு மொழிகளும் அண்மைக்கால வரலாறும் சேர்ந்தன. எந்தத் தொழிலுக்குள் நுழையப்போகிறானோ அதற்கு வேண்டிய அறிவியலையும் மாணவன் கற்க இடமிருந்தது. கணக்கியலும் உண்டு. அதனைக் கற்பிக்க அமர்த்தப்பட்டவர் லாரன்ஸ் டிக்ஸி என்னும் பட்டயக் கணக்கர். தணிக்கை பற்றி 1892இல் அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. பிரிட்டனில் கணக்கியலுக்கு ஏற்பட்ட முதல் பேராசிரியர் அவரே. ஆனால், மாணவன் கணக்கனாக வேண்டும் என்பதற்காக அங்கே கணக்கியல் கற்பிக்கப்படவில்லை. தன் கணக்கன் கொண்டுவந்து வைக்கும் ஐந்தொகையைப் படித்து, அதில் ஒளிந்திருப்பதைக் கண்டறிய முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். இந்த நுட்பமான வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பொருளியலின் தனிப்பெருந் தலைவராயிருந்தவர் ஆல்பிரட் மார்ஷல். 1903இல் அங்கே பொருளியலுக்கென்று தனிப் பட்டத் தேர்வை அவர் நிலைநாட்டினார். வணிகத்துக்குப் போகும் இளைஞனுக்கும் பொருளியற் கோட்பாட்டிற் பெறும் பயிற்சியே சிறந்தது என்பது அவர் கொள்கை. கோட்பாட்டைக் காட்டிலும் நடைமுறையையும் வரலாற்றையும் ஆஷ்லி மதித்தார். ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மட்டுமின்றி ஒரு நிறுவனத்தின் பொருளாதாரத்தையும் ஆராய வேண்டும் என்று 1908இல் எழுதினார். மார்ஷலின் வழியே பொருளியலாக வளர்ந்தது. ஆஷ்லியின் வழி பின்னாளில் மேலாண்மைக் கல்வி என்னும் பெயரைப் பெற்றது எனலாம்.

1905இல் முதல் பட்டதாரிகள் வெளிவந்தனர். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலர். தொழிலதிபர்களின் தயக்கம் அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. எனினும் 1904இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் வணிகப் புலம் தொடங்கியது. 1919இல் லண்டனும் பி.காம். பட்டத்தை ஏற்றது. 1917இல் 'சர்' பட்டம் பெற்ற ஆஷ்லி 1925வரை பர்மிங்ஹாமில் பணியாற்றி, 1927இல் மறைந்தார். பின்னாளில் பல்கலைக்கழக வளாகத்தில் எழுந்த வட்டவடிவக் கட்டடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள வணிகப் பள்ளி இன்றும் 1902ஐயே தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது.

இனி, இந்தப் பட்டம் நம் நாட்டுக்கு வந்த கதை. இங்கே வணிகக் கல்வி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1886இல் சென்னையில் பச்சையப்பன் அறநிலையத்தார் வணிகப் பள்ளி ஒன்றை ஏற்படுத்தினர். அலுவலகங்களுக்கு வேண்டிய ஊழியரைப் பயிற்றுவதே இத்தகைய பள்ளிகளின் வேலை. பல்கலைக்கழகப் பட்டமாக வணிகம் உயர்ந்தது 1913இல், பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி தோன்றியபோது. அதற்காக முயன்றவர்களுள் முன்னின்றவர் கணக்கியல் அறிஞர் கே.எஸ். அய்யர், தொடக்கத்தில் கௌரவ முதல்வராகவும் இருந்தார். 1918 முதல் 1920 வரை அக்கல்லூரியில் பொருளியல் பேராசிரியராயிருந்தவர் டாக்டர் அம்பேத்கர் என்பது பலர் அறியாத செய்தி.

பெயர் அதேதான், பி.காம். ஆனால், அதிகாரிகளைப் பயிற்றும் பட்டத்தை, அதிகாரப் பதவிகள் நம்மவர்க்குக் கிடைக்காத நாட்டில் கொண்டுவந்து நட்டால் என்ன விளையும்? அன்று பெரிய வணிக நிறுவனங்களில் மேலிடமெல்லாம் ஆங்கிலேயரிடம் இருந்தது. நம் பட்டதாரிக்குக் கிடைத்தவை கணக்குப் பிரிவும் வங்கி மேசையும் அரசாங்க அலுவலகமும்தாம். ஆகவே, பாடத்திட்டத்தில் ஒரு பகுதியாயிருந்த கணக்கியல் இங்கே தலைப்பாடமாயிற்று. வரலாறு ஒதுங்கியது, தொழிலுக்கேற்ற அறிவியல் வரவேயில்லை. விடுதலைக்குப் பின்னும் நிலை பெரிதும் மாறவில்லை. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகிக் கிளைகள் பெருகியபோது, வங்கி வேலைக்கு வாயிற்படி என்னும் பெயர் இப்படிப்புக்கு நிலைத்துவிட்டது. நடத்திச் செல்வோரைப் பயிற்றும் வேலை வேறொரு பட்டத்துக்குச் சென்றது. அமெரிக்காவின் ஹார்வர்டில் 1908இல் தொடங்கிய எம்.பி.ஏ.வை அடியொற்றி, டில்லிப் பல்கலைக்கழகத்தில் 1954இலும் கல்கத்தா, அகமதாபாத் நகரங்களில் 1961இலும் மேலாண்மைக் கல்வி நிலையங்கள் எழுந்தன. ஆஷ்லி மூன்றாண்டில் கொடுக்க நினைத்ததைப் பெற இன்றைய மாணவன் மேலும் இரண்டாண்டும் பெரும்பொருளும் செலவிட வேண்டியிருக்கிறது.

பேனா முள் வணிகர் கல்லூரி தந்ததுபோல நம் வணிகர்களும் தந்திருக்கிறார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் (1919) திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் (1951) வணிகப் பெருமக்களின் கொடையால் எழுந்தவையே. அவற்றில் பி.காம். வகுப்பில் அமரும் மாணவர்களுள் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். எனினும் பட்டம் பெற்றவர் அலுவலகம் தேடிப் போவதும், கடையை ஏற்க வேண்டியவர் பட்டம் எதற்கென்று நின்றுவிடுவதும் பல வீடுகளில் நாம் காண்பதே.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஆஷ்லியின் திட்டத்தில் அயல்மொழி, சரக்கு விற்கும் நாட்டாரோடு அவர் மொழியிலேயே பேரம் பேசுவதற்காக வைக்கப்பட்டது. நம் கல்லூரிகளில் முதற்பகுதியாகத் தமிழோ அரபியோ வேறு மொழியோ உண்டு. அது இலக்கியப் பாடம், வணிகத்தோடு அதற்குத் தொடர்பில்லை. பினாங்குக் கடையில் நின்ற நம்மூர்ப் பையன் மலாய் மொழியையும், கொழும்புக் கடையில் நின்றவன் சிங்களத்தையும், ரங்கூனில் நின்றவன் பர்மிய மொழியையும் எந்தப் பாடத்திட்டமும் இல்லாமலே இரண்டு மூன்று ஆண்டுகளில் கற்றுக்கொண்டான்.