த்ரீஸ்: 14 மாத உழைப்பும் ஒரு வார இறுதியும்



திருவேற்காட்டிலிருந்து கல்லூரிக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்காரரின் மொபைலை எட்டிப் பார்ப்பது என்னுடைய கெட்ட பழக்கம். போன வாரம் ஒரு அண்ணன் 2048 ஆடிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் அப்பா போனில் நானும் ஆடியதுதான். இதை முதலில் யோசித்தவர் யார் என்று தேடப் போய், இந்தப் பதிவே வந்துவிட்டது.

ஆஷர் வோல்மர் என்று ஒரு அமெரிக்க இளைஞர். சொந்தமாக மொபைல் புதிர் விளையாட்டு செய்து வந்தவர். 2012 ஜனவரியில் ஓவியர் கிரெக் வோல்வெண்டுடன் சேர்ந்து 'பஸில்ஜூஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். டெட்ரிஸையும் எழுத்துக்கூட்டி வார்த்தை பிடிப்பதையும் ஒன்றாகக் கலந்தது அது. அடுத்து வந்ததுதான் 'த்ரீஸ்'.

நாலுக்கு நாலு கட்டம். 1-ம் 2-ம் சேர்ந்தால் 3. அதற்குப் பிறகு ஒரே எண்கள்தான் சேரும்: 3-ம் 3-ம் 6, அப்புறம் 12, 24... விரலால் தள்ளினால் அட்டைகள் ஒரே ஒரு கட்டம்தான் நகரும். அவ்வளவுதான் விதி. இதன் முதல் வடிவத்தை வோல்மர் ஒரே ராத்திரியில் செய்துவிட்டாராம். ஆனால் முடிக்க 14 மாதம்! நடுவில் எண்களை எடுத்துவிட்டு சுஷி, சதுரங்கக் காய், ஏன் பிராக்கோலி சூப் வரைக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் சுற்றிச் சுற்றி எண்களுக்கே திரும்பினார்கள். (ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு இந்த வலி புரியும்.)

2014 பிப்ரவரி 6 அன்று ஐபோனில் வெளியானது. விலை 1.99 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 120 ரூபாய். 21 நாளில் '1024' என்ற இலவச நகல் வந்துவிட்டது. மார்ச் 9-ல், இத்தாலியைச் சேர்ந்த 19 வயது கேப்ரியேல் சிருல்லி ஒரு வார இறுதியில் எழுதிய 2048-ஐ இணையத்தில் இலவசமாகப் போட்டார். ஒரே வாரத்துக்குள் பல லட்சம் பேர் ஆடினார்கள்.

சிருல்லியைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1024-ஐப் பார்த்து, பழகிக்கொள்வதற்காகச் செய்தேன் என்று அவரே சொன்னார். நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார். 'த்ரீஸ்' பெயரையும் அங்கே குறிப்பிட்டிருந்தார். சட்டப்படியும் தப்பில்லை. நிரல், படம், இசைக்குத்தான் காப்புரிமை. விளையாட்டு விதிக்குக் கிடையாது.

ஆனால் வோல்மர் பக்கம் நின்று பாருங்கள். 'த்ரீஸ்'தான் 2048-ன் காப்பி என்று பலர் சொல்ல ஆரம்பித்தார்கள்! மார்ச் கடைசியில் அவரும் வோல்வெண்டும் 14 மாதமும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட 500-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அப்படியே வெளியிட்டார்கள். 2048-ல் பெரிய எண்ணை ஒரு மூலையில் வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் போதும். அந்த மாதிரிக் குறுக்கு வழியை அடைக்கத்தான் தாங்கள் மாதக்கணக்கில் மெனக்கெட்டோம் என்பது அவர்கள் வாதம். ஆடிப் பார்த்ததில் எனக்கும் அது சரியென்றே படுகிறது. 2048-ஐ நான் ரெண்டே நாளில் முடித்தவன். 'த்ரீஸ்'-ல் இன்னும் 384-ஐத் தாண்டவில்லை :-(

ஆப்பிள் நிறுவனம் 2014-ன் சிறந்த ஐபோன் விளையாட்டாக 'த்ரீஸ்'-ஐத் தேர்ந்தெடுத்தது. இருந்தும் இலவசத்தோடு போட்டி போட முடியுமா? 2015-ல் விளம்பரங்களோடு ஒரு இலவசப் பதிப்பை அவர்களே விட வேண்டியதாயிற்று.

பிறகு வோல்மர் புதிரை விட்டுக் கதை சொல்லும் விளையாட்டுக்குப் போனார். 2019-ல் 'கில்ட்லிங்ஸ்' வந்தது. அடுத்து 'வோடியோ கேம்ஸ்' தொடங்கினார். 2021 டிசம்பரில் அங்கே வேலை செய்தவர்கள் தொழிற்சங்கம் அமைத்தபோது நிர்வாகம் தானாகவே அங்கீகரித்தது. வட அமெரிக்க வீடியோ கேம் ஸ்டூடியோக்களில் அதுதான் முதல். ஆனால் 2022-ல் பணம் இல்லாமல் மூடிவிட்டார்கள்.

பஸ்ஸில் அந்த அண்ணனிடம் 'த்ரீஸ்' தெரியுமா என்று கேட்டேன். "அது 2048 மாதிரி ஒண்ணு தானே தம்பி?" என்றார்.